குழி ராகியும் விதை ராகியும்

ஊறிய ராகியைத் துணியில் கட்டி வைத்து ஒரு பகல் கழிந்த பிறகு அந்த மூட்டையில் மூக்கை வைத்தால் ஒரு வாசனை வரும். புளித்த வாசனை என்று சொல்ல முடியாது, மண் வாசனையும் இல்லை. ஈரமான ஒரு வெதுவெதுப்பு, அதற்கடியில் கொஞ்சம் இனிப்பு, அவ்வளவுதான். கையை வைத்தால் காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கிற உடம்பைத் தொடுவது போல் சூடாக இருக்கும். எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ ஆகியிருந்த அந்தக் கோடையில், காலையில் எழுந்து முகம் கழுவும் முன்பே நான் செய்ய வேண்டிய வேலை அந்த மூட்டையைத் தொட்டுப் பார்ப்பது. சூடு இருந்தால் "சூடு இருக்குதுங்க அத்தை" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வந்து அடுப்படியில் உட்கார வேண்டும், அத்தை தெரிந்துகொள்வாள்.

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டைக்குப் போகிற சாலையில் பாதி வழியில் இறங்கி, வண்டித்தடத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். கிழக்கே கொல்லிமலை எந்நேரமும் தெரியும். மேகங்கள் அந்த மலைமேல் வந்து நிற்பதும் தெரியும், எங்கள் பக்கம் இறங்காமல் போவதும் தெரியும். எங்களுக்கு மேட்டுக்காடும் ஒரு கிணறும் இருந்தன. கிணற்றில் தண்ணீர் இருந்தால் ராகி நாற்று விட்டு நடுவோம், இல்லாவிட்டால் மானாவாரியாகச் சோளமோ கம்போ விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் சொல்கிற வருடத்தில் வானத்தைப் பார்க்கிற வேலைதான் அதிகம் நடந்தது.

அந்தப் பங்குனியில் என் அம்மா காய்ச்சல் வந்து இறந்துபோனாள். தை மாதம் பிறந்த ஒரு தம்பியை விட்டுவிட்டுப் போனாள். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து, "வெவரம் தெரியாத புள்ள, பாவம், அழுவக்கூடத் தெரியில" என்று சொல்லிவிட்டு அவர்கள் அழுதார்கள். விவரமெல்லாம் தெரிந்துதான் இருந்தது, அழுகைதான் வரவில்லை. யாரோ பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்து, வாசலில் யார் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அழவில்லை. அவர் அதற்குப் பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார். பஞ்சத்துக்காகப் போட்ட சாலை வேலைக்குக் கல் உடைக்க விடியுமுன் போவார். இருட்டிய பின் வந்து களியைத் தின்றுவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார். பிள்ளை கிடந்த அறைப்பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

தம்பிக்கு அப்போது பெயர் வைத்திருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் குலதெய்வம் கோயிலுக்குக் கொண்டுபோய் முடி எடுத்த பிறகுதான் பெயர். அதற்கும் அம்மா தேறி எழ வேண்டும் என்று காத்திருந்தார்கள், அவள் எழவில்லை. எங்கள் பக்கத்தில் பெரியவரையும் சின்னவரையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அவனும் சாமி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான்.

பிள்ளைக்குப் பால் வேண்டும். எங்கள் எருமை தீவனமில்லாமல் வற்றிவிட்டது. தெற்கு வீதியில் பிள்ளை பெற்ற ஒருத்தி தன் பிள்ளைக்குப் போக மிச்சத்தைக் கொடுத்து வந்தாள். அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடக்கிறவளுக்கு எத்தனை நாள் ஊறும், சித்திரை கடைசியில் அவளும் வந்து வாசலில் நின்று கையை விரித்தாள். ஆட்டுப் பாலைக் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தார்கள், கக்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் அத்தை ராகியை முளைகட்டத் தொடங்கினாள்.

நல்லாயி அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே தாலியை இழந்து வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். சோறாக்கவும் சாணி அள்ளவும் பிள்ளை வளர்க்கவும் அவள் கை ஆகும். விதைப் பானையைத் தொட மட்டும் ஆகாது. விதைப்பு நாளன்று அவள் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொள்வாள், விதைக் கூடை வாசல் தாண்டிப் போன பிறகுதான் வெளியே வருவாள். அவளை யாரும் போகச் சொல்வதில்லை, அவளாகவே போய்விடுவாள். இதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்கிற விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

முளைகட்டுவதில் அத்தைக்கு ஒரு முறை இருந்தது. ராகியைக் கல் போக அரித்து, மாலையில் ஊற வைத்து, காலையில் கூடையில் கொட்டி நீர் வடிய விடுவாள். பிறகு அம்மாவின் பழைய சேலையில் கிழித்த துண்டில் தளர்வாகக் கட்டி, விட்டத்தில் தொங்கிய உறியில் வைத்துவிடுவாள். அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது என் பொறுப்பு. செம்பிலிருந்து ஊற்றக் கூடாது, விரலால்தான் தெளிக்க வேண்டும். எனக்கோ உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பேன், திரும்பக் கட்டுவேன், ஒரு நாழிகை போனால் மறுபடியும் அவிழ்ப்பேன். அத்தை ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். அடிக்கவில்லை. "அவுத்து அவுத்துப் பாக்காத சாமி, அதுக்குக் கோவம் வந்துரும். நம்மள யாராச்சும் கணத்துக்கொருக்கா துணிய அவுத்துப் பாத்தா நமக்குக் கோவம் வருமா வராதா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கோடையில் நான் சிரித்தது எனக்கு நினைவிருக்கிற வரை அதுதான்.

மறுநாள் அவிழ்த்தால் ஒவ்வொரு ராகியிலும் வெள்ளையாக ஒரு நூல் நீண்டிருக்கும். தெரியாதவர்கள் பார்த்தால் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். அதை நிழலில் காய வைத்து, உள்ளங்கையில் போட்டுக் கசக்கி வேரை உதிர்த்து, முறத்தில் புடைத்து, லேசாக வறுத்து, கல்லில் அரைத்து, துணியில் சலிப்பாள். தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினால் சாதாரண ராகி மாவு போல இறுகாது, இளகியே நிற்கும். "முளைச்ச மாவுதான் புள்ள வயித்துல நிக்கும். முளைக்காத மாவு கல்லாட்டம் உக்காந்துக்கும்" என்பாள். கொஞ்சம் பனவெல்லம் போட்டு, சங்கில் எடுத்து ஊற்றுவாள். முதல் நாள் முகத்தைச் சுளித்தான். பிறகு சங்கைக் கண்டாலே வாயைத் திறந்தான். அவன் காலில் மடிப்பு விழ ஆரம்பித்தது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது போன வருடத்து ராகி, மண் குதிரில் இருந்தது. மழை இல்லாத வருடத்தில் குதிருக்குள் மேலே மேலே கை நீட்டி எடுத்தது போய், குனிந்து வழித்து எடுக்கிற நிலை வந்தது. வைகாசி முடியும்போது குதிரின் அடி தெரிந்தது. அப்பா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்று, குழியைத் திறக்க ஏற்பாடு செய்தார்.

குழி என்றால் இப்போது யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் நல்ல விளைச்சல் கண்ட வருடத்தில் களத்தோரம் கிணறு போலத் தோண்டி, உள்ளே வைக்கோல் பிரியைச் சுற்றி அணைத்து, ராகியைக் கொட்டி, மேலே கல் பரப்பி மண் போட்டு மூடிவிடுவார்கள். வருடக்கணக்காக அது கெடாமல் கிடக்கும். எங்கள் வீட்டுக் குழியை மூடியது அப்பாவின் கல்யாணத்துக்கும் முன்னால், அவருடைய அப்பா இருந்த காலத்தில். அதன் மேல்தான் நாங்கள் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தோம், அடியில் ராகி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மண்ணை விலக்கிக் கல்லைப் புரட்டியதும் எல்லோரும் விலகி ஓடிப்போய் நின்றார்கள். உள்ளே விஷக்காற்று இருக்கும். அவசரப்பட்டு இறங்கினால் ஆள் அங்கேயே போய்விடுவான் என்றார்கள். வெயில் ஏறும் வரை திறந்து போட்டுவிட்டு, ஒரு அகல் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அது பாதியில் அணைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று உட்கார்ந்து புகையிலை போட்டார்கள். மறுபடி இறக்கினார்கள், இந்த முறை விளக்கு எரிந்துகொண்டே அடி வரை போனது. அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஓரத்து ராகி கருத்து அடை அடையாக வந்தது, அதை மாட்டுக்கு என்று ஒதுக்கினார்கள். நடுவில் இருந்தது செக்கச்செவேலென்று நேற்று அடித்தது போல இருந்தது. நாற்றம் மட்டும் உண்டு, அது காயப் போட்டால் போய்விடும். பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "காளியப்பா, உங்கப்பன் செத்தும் உனக்குச் சோறு போடறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூட வாயை ஒரு பக்கம் இழுத்தார். அன்று எங்கள் வீதியில் இரண்டு மூன்று வீடுகளில் சுடச்சுடக் களி கிண்டிய வாசம் வந்தது.

அத்தை அன்றைக்கே குழி ராகியில் ஒரு படி எடுத்து, வெயிலில் போட்டு நாற்றத்தைப் போக்கி, ஊற வைத்தாள். மறுநாள் கட்டினாள். அதற்கடுத்த நாள் காலையில் நான் மூட்டையைத் தொட்டபோது அது சில்லென்று இருந்தது. அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். "நேரமாவும், பழைய ராகி" என்றாள் அத்தை. நேரம் ஆயிற்று. முளைக்குப் பதிலாகக் கொழகொழவென்று ஏதோ பிடித்து, புளித்துப்போன நாற்றம் வந்தது. ஒரு முளை கிடையாது. அத்தை அதை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்து இன்னொரு படியை ஊறப் போட்டாள். அதுவும் அப்படியே போயிற்று.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை வேறு ஊரில் சொன்னால் நம்புவார்களா என்று தெரியவில்லை. ஒருவருக்குக்கூட ராகியின் மேல் சந்தேகம் வரவில்லை. கண்ணுக்கு நல்ல ராகி, களி நன்றாக வருகிறது, நாங்கள் எல்லோரும் மூன்று வேளையும் அதைத்தான் தின்கிறோம். பிறகு ராகியை எப்படிக் குறை சொல்வது? அதனால் கையைக் குறை சொன்னார்கள்.

பெரியப்பாவின் மனைவி, எங்களுக்குப் பெரியம்மா முறை, மூட்டையைப் பார்க்க வந்தாள். மனசில் கெட்ட எண்ணம் கிடையாது. அம்மா போன பின் எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்தான். மூட்டையை முகர்ந்து பார்த்தவள் குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காத நல்லாயி. வெள்ளச் சீலக் கையில இத்தன நாள் முளைச்சதே பெருசு. இனிமேல் வேற கையில கட்டிப் பாக்கலாம்" என்றாள். அத்தை தப்பாக நினைக்கவில்லை. தான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அன்று முதல் அவள் ராகியைத் தொடவே இல்லை. ஊறப் போடுவதும் நான், வடிப்பதும் நான், கட்டுவதும் நான். அவள் தூண் ஓரம் நின்றுகொண்டு, இப்படி முடிச்சுப் போடு, அப்படி நீர் தெளி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். என் கையிலும் முளைக்கவில்லை.

பிறகு பெரியம்மா தன் கையாலேயே கட்டினாள். அவளுக்கு ஒன்பது பிள்ளைகள், ஒன்றுகூடத் தவறவில்லை. காய்ந்த குச்சியை நட்டாலும் அவள் நட்டால் துளிர்க்கும் என்று ஊரில் பேச்சு. அந்த மூட்டையும் புளித்தபோது, "துணி ஆகல" என்றாள். துணியை மாற்றினோம். "தண்ணி ஆகல" என்றாள். பெருமாள் கோயில் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தோம். உறி தொங்கிய இடம் ஆகவில்லை என்று உறியை மாற்றினோம். வீதியில் தாலியோடு இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தலைக்குக் குளித்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மா ஊரில் உள்ள எல்லாவற்றையும் குறை சொன்னாள், தன் கையை மட்டும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவில்லை, அப்போது சிரிக்கிற மாதிரியும் இல்லை.

பிள்ளைக்கு வேறு வழியில்லாமல் முளைக்காத குழி ராகி மாவையே காய்ச்சிக் கொடுத்தார்கள். வயிறு ஊதிக்கொண்டது. அழுதான், பிறகு அழுகை சின்னதாகிவிட்டது. அவன் காலில் விழுந்திருந்த மடிப்பு மறைந்து தோல் தொளதொளவென்று ஆயிற்று. அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. அந்தச் சமயத்தில் எனக்குள் என்ன இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. பயம்கூட இல்லை. ஈ வந்தால் விரட்டுவேன். மடி மரத்துப்போனால் அடுத்த காலுக்கு மாற்றிக்கொள்வேன்.

ஒரு அமாவாசையன்று சாலை வேலை இல்லை. அப்பா பகலில் வீட்டில் இருந்தார். குப்பைமேட்டுப் பக்கம் போனவர் திரும்பி வந்து வாசலில் நின்று, "திங்கற ராகியக் குப்பையில கொட்டியிருக்குதே, யாரு செஞ்ச வேலை?" என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டே பல நாளாயிற்று. அத்தை வெளியே வந்தாள்.

"முளைக்கவே மாட்டீங்குது காளியப்பா. எல்லாருங் கட்டிப் பாத்தாச்சு. எங் கைதான் ஆவாதுன்னு பாத்தா ஆரு கையிலயும் முளைக்கல. புள்ளைக்குக் குடுக்க மாவில்ல."

"எந்த ராகிய முளைகட்டுன?"

"குழி ராகியத்தான். வேறெங்க இருக்குது?"

"குழி ராகி முளைக்காது அக்கா. அது உள்ளயே வெந்து செத்துப்போயிரும். திங்கறதுக்குத்தான் ஆவும். குழி ராகிய ஆராச்சும் காட்டுல வெதைச்சுப் பாத்திருக்கிறயா?"

"எனக்கெப்படித் தெரியும், வெதைப்பு நாள்ல நான் வெளிய வர்றதில்லையே" என்றாள் அத்தை. "நீ சொல்லலியே."

"நீ கேக்கலியே" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. விதைக்கிற ஆம்பளைகள் எல்லோருக்கும் குழி ராகி முளைக்காது என்று தெரியும். முளைகட்டுகிற பொம்பளைகள் ஒருத்திக்கும் தெரியாது, குழி திறந்த காலத்தில் அவர்களில் யாரும் பிள்ளைக்கு மாவு காய்ச்சியதில்லை. பெரியப்பாவுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். அவர் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு எங்கே போகிறாள் என்று அவர் கேட்கவில்லை, அடுப்படி விவகாரம் என்று விட்டிருப்பார். எனக்கு இதை நினைத்தால் இன்றும் கோபம்தான் வரும், யார் மேல் என்றுதான் தெரியாது.

முளைக்கிற ராகி வீட்டில் ஒரே இடத்தில் இருந்தது. பரணில், வாயைச் சாணியும் மண்ணும் வைத்து மெழுகி மூடிய விதைப் பானையில். சாம்பலும் வேப்பிலையும் கலந்து அப்பா வைத்திருந்த ராகி அது. மழை வந்து கிணற்றில் ஊறினால் நாற்று விடுவதற்கான விதை அதுதான். ஊரில் வேறு யாரிடமும் கேட்க முடியாது. அந்த வருடம் விதை வைத்திருந்தவர்கள் அதை வைத்திருப்பதாகவே வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. விதை போனால் அடுத்த வருடம் முழுவதும் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. குழியிலும் எத்தனை காலத்துக்கு இருக்கும்? இது எனக்கே தெரிந்திருந்தது என்றால் அவர்கள் இருவருக்கும் தெரியாமலா இருக்கும். அத்தை விதைப் பானையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே வந்தார். அம்மா போன பிறகு அவர் அந்த அறைக்குள் வந்தது அன்றுதான். பிள்ளையை நின்றபடியே பார்த்தார். பரணில் ஏறி விதைப் பானையை இறக்கிக் கொண்டுவந்து அத்தையின் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்க."

அத்தை பின்னால் நகர்ந்துகொண்டாள். "அத நான் தொடக் கூடாது. புள்ளையக் கூப்புட்டு எடுக்கச் சொல்லு."

"எல்லாரு கையையும் பாத்தாச்சு. நீயே எடு" என்றார் அப்பா. அவள் நகராமல் இருக்கவே, அவரே கட்டைவிரலால் மெழுகைக் குத்தி உடைத்தார், அத்தையின் கையைப் பிடித்துப் பானைக்குள் விட்டார். சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்களே, அந்த மாதிரி. அத்தை அழுதாள். அவள் அழுததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கை நிறைய ராகியோடு அழுதுகொண்டிருந்தாள். அப்பா வேலை இல்லாத நாளிலும் எங்கோ கிளம்பிப் போய்விட்டார்.

அந்த ராகி முளைத்தது. கட்டிய மறுநாள் காலையில் நான் தொட்டபோது மூட்டை சுட்டது. "சூடு இருக்குதுங்க அத்தை" என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே "ம்" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். உழக்கு அளவுதான், சிந்தினால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். முளை உதிர்க்கும்போது விழுந்த வேரைக்கூடப் பிள்ளையின் கஞ்சியிலேயே போட்டுவிட்டாள். வயிறு அடங்கிற்று. ஒரு நாள் பிள்ளை சங்கை விட்டுவிட்டு என் மூக்கைப் பிடித்து இழுத்தான். அப்பா இருட்டிய பின் வந்து வாசலில் நின்றபடியே, "குடிச்சானா?" என்று கேட்க ஆரம்பித்தார். குடித்தான் என்று சொன்னால் போய்க் கை கழுவுவார். பானை இறங்கிக்கொண்டே இருந்தது. அதை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, எடுக்கும்போது அத்தையின் கை எவ்வளவு ஆழம் போகிறது என்று மட்டும் எனக்குத் தெரியும். முதலில் மணிக்கட்டு, பிறகு வளையல் இல்லாத முன்கை.

ஆடி பாதியில் மழை வந்துவிட்டது. கொல்லிமலையைத் தாண்டி இறங்கிக் கொட்டியது. ஊரே வெளியில் வந்து நனைந்தது. கிணற்றில் ஊற்று பிடித்துத் தண்ணீர் படி ஏறியது. ஊரில் எல்லோரும் கலப்பையைத் தூக்கினார்கள். அப்பாவும் உழுதார். கிணற்று மேட்டில் நாற்றுக்குப் பாத்தி கட்டினார், பானையில் மிச்சமிருந்த விதை அதில் ஒரு மூலைக்குத்தான் காணும். சாமானைத் தேய்த்து வைப்பது போலப் பாத்தியை வழித்து வழித்துச் சமன் செய்துகொண்டிருந்தார்.

அந்தக் குளிரில் பிள்ளைக்குச் சளி பிடித்தது. சளி என்றார்கள், மாந்தம் என்றார்கள். வேலிப்பருத்தி சாறு ஊற்றினார்கள், நாமகிரிப்பேட்டையிலிருந்து வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். தேறுகிற உடம்பு, இன்னும் ஒரு மாதம் கிடைத்திருந்தால் தாங்கியிருக்கும் என்று அவர் சொன்னார். அந்த ஒரு மாதத்தை நாங்கள் கைகளை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததில் செலவழித்துவிட்டோம். வைத்தியர் அதைச் சொல்லவில்லை, அவருக்கு அது தெரியாது. ஒரு பகல் வேளையில், அத்தையின் மடியில், மூச்சு இழுத்து இழுத்து நின்றுபோயிற்று. பெரியம்மா ஓடி வந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளை என்பதால் மேளம் இல்லை, பந்தல் இல்லை. பெரியப்பாவும் அப்பாவும் வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார்கள். திரும்பி வந்து கிணற்றில் குளித்தார்கள். தண்ணீர் நிறைய இருந்தது.

அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ, அத்தை வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தவள் உறியைப் பார்த்து நின்றாள். பிள்ளைக்குச் சளி பிடித்த அன்று கட்டிய மூட்டை அங்கேயே இருந்தது. யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை, மழை ஈரமே போதுமானதாக இருந்திருக்கிறது. அம்மாவின் சேலைத் துணியின் நெசவு வழியாக வெள்ளை வெள்ளையாக முளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிலது நுனியில் பச்சை கண்டிருந்தது. அப்பா அப்போதுதான் காட்டிலிருந்து வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அத்தை மூட்டையை இறக்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் வந்தாள்.

"இதக் கொட்டீரட்டுமா?"

அப்பா செம்பைக் கீழே வைத்தார்.

"முளைச்சிருக்குதா?"

"முளைச்சிருக்குது."

"அப்பக் குடு" என்றார்.

வாங்கிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். முடிச்சை அவிழ்த்து, ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த முளைகளைத் தண்ணீரில் அலசிப் பிரித்து, பாத்தியில் பரவலாகத் தூவி, மேலே பொடி மண்ணைத் தூற்றி, ஈரச் சாக்கைப் போர்த்தினார். பானையின் அடியில் இருந்த மிச்ச விதையையும் பக்கத்துப் பாத்தியில் போட்டார். காலி துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். வருகிற வழியில் என்னிடம், "கால்ல முள்ளு ஏறிக்கும், தடத்துல நட" என்றார்.

ஏற்கனவே முளைத்திருந்ததால் அந்தப் பாத்தி முந்திக்கொண்டது. மற்றது தலைகாட்டும் முன் அது விரல் உயரம் நின்றது. நாற்றைப் பிடுங்கிக் கிணற்றுக்குக் கிழக்கே ஒரு வயலில் நட்டார்கள். ஊரில் யார் கேட்டாலும் அப்பா "கெழக்கு வயல் ராகி" என்றுதான் சொல்வார். எந்த நாற்று என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எடுபிடிக்கு வந்த பெரியம்மாவுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன், அந்த வயலில் அவள் களை எடுக்கும்போது வாய் பேசாமல் எடுத்தாள். கதிர் ஒவ்வொன்றும் மூடிய கைபோலக் கெட்டியாக வந்தது. கார்த்திகையில் அறுத்துக் களத்தில் அடித்தார்கள். விளைந்ததில் முதலில் ஒரு படி எடுத்து விதைக்கென்று பானையில் போட்டு, அப்பா அத்தையைக் கூப்பிட்டு மெழுகச் சொன்னார். அவள் வந்து மெழுகினாள்.

புது ராகியில் முதல் களி கிண்டிய அன்று நான் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தின்ன மாட்டாள் என்று எனக்கு ஒரு எண்ணம், ஏன் என்று தெரியாது. அவள் தின்னாவிட்டால் நானும் தின்னக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அத்தை அப்பாவுக்கு ஒரு உருண்டை வைத்தாள், எனக்கு ஒன்று வைத்தாள், தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். குழி பறித்துக் கீரையை ஊற்றி, விண்டு வாயில் போட்டுக்கொண்டாள். அப்பாவும் தின்றார். என் பக்கம் திரும்பாமலே, "தின்னு சாமி, ஆறிப்போவுது" என்றாள். நான் தின்றேன். நன்றாக இருந்தது. குழி ராகியின் நாற்றம் இல்லாமல் அத்தனை மாதங்களுக்குப் பிறகு தின்ற களி, நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும். இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினேன்.

பிறகு நான் படித்து, சேலத்தில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. அப்பாவும் அத்தையும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். போன மாதம் ஒரு காதுகுத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். களத்தில் இருந்த குழியைத் தூர்த்து, அதன் மேல் லாரி நிறுத்தக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கிணற்று மேடு, கிழக்கு வயல் எல்லாம் மரவள்ளி. குச்சியை வெட்டி நட்டால் கிழங்கு வந்துவிடும், விதைப் பானை வேண்டியதில்லை. கிழங்கு மாவு மில்லுக்குப் போகிறது. ஓடைக்கரையில் வீடுகள் வந்துவிட்டன. பெரியம்மாவின் பேத்தி தன் குழந்தைக்கு முளைகட்டிய ராகி மாவைக் கடையில் பாக்கெட்டாக வாங்கி வைத்திருந்தாள். "உங்க காலத்துல எல்லாம் ஊட்டுலயே செஞ்சு சத்தாச் சாப்புட்டிருப்பீங்க, அதுதான் இத்தனை வயசுலயும் கெட்டியா இருக்கறீங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்று அறிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். பெயர் இல்லாததால் யாரிடமும் அவனைப் பற்றிப் பேச்சைத் தொடங்க வழியில்லை. அவன் முகம் நினைவில் இல்லை. வருவித்துப் பார்த்தால் வேறு ஏதோ குழந்தையின் முகம் வருகிறது. அவனுக்கென்று கட்டியது எவ்வளவு விளைந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த மழை வரைக்கும் எங்கள் மூன்று பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.